‘நீதிமன்றம் சொன்னது’ என்று தலைப்பு வைக்கும் முன்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு வழக்கறிஞரின் திறந்த மடல்

தமிழ் நாளிதழ்கள், தொலைக்காட்சிகள், இணையச் செய்தித் தளங்களின் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

கீழமை உரிமையியல் நீதிமன்றங்களில் 22 ஆண்டுகளாக வழக்கு நடத்தி வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு வண்டிப்பாதை வழக்கு இருந்தது. பக்கத்து வயல்காரர் எட்டடி விடுவதாக இறங்கி வந்து, சமரசம் ஏறக்குறைய முடிந்திருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய நாளில் என் கட்சிக்காரர் ஒரு செய்தித் துணுக்கோடு வந்தார். “பாருங்க சார், பாதை நம்மதுன்னு சுப்ரீம் கோர்ட்டே உறுதி பண்ணிடுச்சு. இனிமே எதுக்கு சமரசம்?”

தலைப்பு அப்படித்தான் சொன்னது. உத்தரவைத் தேடி எடுத்துப் படித்தேன். ஒரே வரி. மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்ட சிறப்பு அனுமதி மனு, ‘தலையிட விரும்பவில்லை’ என்று தள்ளுபடி ஆகியிருந்தது. கீழே இருந்த தீர்ப்பு வேறொரு மாநில உயர் நீதிமன்றத்தினுடையது. எங்கள் நீதிபதி அதை மதித்துப் படிக்கலாம், கட்டுப்பட வேண்டியதில்லை. அந்த வழக்கிலோ பாகப்பிரிவினைப் பத்திரத்திலேயே பாதை எழுதப்பட்டிருந்தது. என் கட்சிக்காரரிடம் பத்திரம் கிடையாது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி 20 ஆண்டு தடையில்லாமல் பயன்படுத்தியதாக அவர் நிரூபித்தாக வேண்டும். அதற்கும் சாட்சி போதவில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். “பேப்பர்லயே போட்டிருக்காங்களே” என்றார். சமரசம் முறிந்தது, வழக்கும் தோற்றது. எட்டடி கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் இன்று முள்வேலி நிற்கிறது.

அந்தச் செய்தியை எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை என்று நிச்சயமாக நம்புகிறேன். மனு தள்ளுபடி ஆனால் கீழ்த் தீர்ப்பு உறுதி ஆகிவிட்டது என்று நினைப்பது இயல்புதான். ஆனால் காரணம் சொல்லாமல் அப்படி ஒரு மனு தள்ளுபடி ஆனால், கீழ்த் தீர்ப்பைச் சரியென்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதாகப் பொருள் இல்லை. மேல்முறையீட்டுக்கு அனுமதி தரவில்லை, அவ்வளவுதான். 2000ஆம் ஆண்டில் குஞ்ஞயம்மது வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

இதை நான் ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், நம்முடைய சட்டம் முழுவதும் சட்டப் புத்தகத்தில் இல்லை. ஆங்கிலேயரிடமிருந்து வந்த காமன் லா, அதாவது பொதுச் சட்ட மரபில், வழக்கைத் தீர்க்கும்போதே நீதிபதிகள் சட்டத்தையும் உருவாக்குகிறார்கள். உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்று அரசியல் சாசனத்தின் 141ஆவது பிரிவு சொல்கிறது. அதனால் தீர்ப்பைத் தவறாகப் போடுவதும் ஒரு சட்டப் பிரிவைத் தவறாக அச்சடிப்பதும் ஒன்றுதான்.

ஆனால் தீர்ப்பில் உள்ள ஒவ்வொரு வரியும் சட்டம் ஆகிவிடாது. வழக்கின் கேள்விக்கு விடை காண எந்தக் காரணம் இல்லாமல் முடியாதோ அதுதான் கட்டுப்படுத்தும். அதை நாங்கள் ‘ரேஷியோ’ என்போம். போகிற போக்கில் நீதிபதி சொல்லும் கருத்து ‘ஆபிட்டர்’. அதற்கு மதிப்பு உண்டு, அதே கட்டாயம் கிடையாது.

ஒரு பழைய வழக்கை உதாரணமாகச் சொல்கிறேன். 1928இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் மே டோனஹூ என்ற ஏழைப் பெண்ணுக்கு அவருடைய தோழி ஒரு இஞ்சி பீர் வாங்கிக் கொடுத்தார். பாட்டிலில் அழுகிய நத்தை இருந்தது என்பது புகார். காசு கொடுத்தது தோழி என்பதால் கடைக்காரரோடு இவருக்கு ஒப்பந்தம் இல்லை. அப்புறம் யார் மேல் வழக்குப் போடுவது? தயாரித்தவர் மேல் போட்டார். 1932இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. வழியில் யாரும் திறந்து பார்க்க வாய்ப்பில்லாதபடி பொருளை அனுப்பும் தயாரிப்பாளர், அதைக் கடைசியில் பயன்படுத்துபவரிடம் கவனமாக நடக்கக் கடமைப்பட்டவர் என்பதுதான் முடிவு. நம் செயலால் பாதிக்கப்படக்கூடிய ‘அண்டை வீட்டாரை’ மனதில் வைத்து நடக்க வேண்டும் என்று லார்ட் ஆட்கின் அதைவிட அகலமாகப் பேசினார். உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த அகலமான பேச்சைத்தான். அதை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்று முடிவு செய்ய நீதிபதிகளுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. பாட்டிலில் நத்தை இருந்ததா என்பது மட்டும் கடைசிவரை எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை. வழக்கு சமரசத்தில் முடிந்தது.

நம் நாட்டிலேயே இதைவிடக் கனமான கதை ஒன்று உண்டு. 1985 டிசம்பர் 4 அன்று டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. போபால் விஷவாயு விபத்து நடந்து ஓராண்டு ஆகியிருந்த நேரம். ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் சேர்த்து வைத்தவர், அது வெளியேறித் தீங்கு செய்தால் பொறுப்பு என்று 1868இல் இங்கிலாந்தின் ரைலண்ட்ஸ் வழக்கு சொன்னது. ஆனால் இயற்கைச் சீற்றம், மூன்றாம் நபரின் செயல் என்று அதில் தப்பிக்க வழிகள் உண்டு. டெல்லிக் கசிவு பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பகவதி தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அந்த வழிகளை அடைத்தார்கள். அபாயகரமான தொழில் நடத்துகிறவருக்கு எந்த விலக்கும் கிடையாது, முழுப் பொறுப்பு அவருடையதே என்றார்கள். ஆனால் இழப்பீட்டை அவர்களே கொடுக்கவில்லை. தனியாக வழக்குத் தொடரச் சொல்லிவிட்டார்கள்.

அந்த ஒரு காரணத்தால், 1991இல் போபால் வழக்கில் தலைமை நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா அந்த விதியை ஆபிட்டர் என்று சொல்லிவிட்டார். விஷவாயுவில் குடும்பத்தை இழந்தவர்களுக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பாரமானது என்று யோசித்துப் பாருங்கள். 1996இல் ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்தில் ரசாயனக் கழிவால் கிணறுகள் கெட்டுப்போன வழக்கில்தான், அது ஆபிட்டர் இல்லை, கட்டுப்படுத்தும் சட்டம்தான் என்று நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதினார். உச்ச நீதிமன்ற நீதிபதிகளே இப்படி வாதாடித் தீர்க்க வேண்டியிருந்த வேறுபாட்டை நாம் ஒரு தலைப்பில் கரைத்துவிடக் கூடாது.

விசாரணையின்போது வாயால் சொல்வது ஆபிட்டர்கூட ஆகாது. 2021 ஏப்ரலில் கரூர் தொகுதி வாக்கு எண்ணிக்கைக்குக் கொரோனா பாதுகாப்பு கேட்ட வழக்கில், தேர்தல் ஆணையத்தின் மீது கொலை வழக்கே போடலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு பேச்சு வந்தது. நாடு முழுக்க அது தலைப்புச் செய்தி ஆனது. எழுதப்பட்ட உத்தரவில் அந்த வாசகமே இல்லை. மே 6 அன்று உச்ச நீதிமன்றம், வாய்மொழிக் கருத்து நீதிமன்றப் பதிவின் பகுதி இல்லை என்பதால் நீக்குவதற்கு ஒன்றுமில்லை என்றது. அதே தீர்ப்பில், நீதிமன்றத்தில் பேசப்படுவதை ஊடகங்கள் எழுதுவதைத் தடுக்கவும் மறுத்தது. உங்கள் அந்த உரிமை எனக்கும் முக்கியம். நீதிபதி பேசியதை எழுதாதீர்கள் என்று நான் ஒருபோதும் கேட்க மாட்டேன்.

நான் கேட்பது இதுதான். விசாரணையில் கேட்ட கேள்வியா, இடைக்கால உத்தரவா, இறுதித் தீர்ப்பா என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். எந்த நீதிமன்றம், எத்தனை நீதிபதிகள் என்று போடுங்கள். இரண்டு நீதிபதிகள் அமர்வு மூன்று நீதிபதிகள் சொன்னதை மாற்ற முடியாது என்பதால் அந்த எண்ணிக்கைக்கே பொருள் உண்டு. வழக்கில் நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி என்ன, எந்தச் சூழ்நிலையில் எழுந்தது என்று இரண்டு வாக்கியம் எழுதுங்கள். வழக்கு எண்ணைக் கடைசியில் கொடுங்கள். எண் இருந்தால் எங்களைப் போன்றவர்கள் உத்தரவைத் தேடியெடுத்து, எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் படித்துக் காட்ட முடியும். ‘உறுதி செய்தது’ என்று எழுதும் முன் மனு எந்தக் கட்டத்தில் முடிந்தது என்று மட்டும் ஒரு முறை பாருங்கள். சந்தேகம் வந்தால் உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தில் எந்த வழக்கறிஞரைக் கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். நானும் சொல்வேன், எந்த நேரத்தில் கேட்டாலும்.

அன்புடன்,
ஒரு கீழமை நீதிமன்ற வழக்கறிஞர்