வாரி அரசர் மூன்றாம் அட்டுவாட்சே அவர்களுக்கு: பேரை முழுசா பதிஞ்சு வைங்க

மதிப்புக்குரிய ஒகியாமே அவர்களுக்கும் உங்க அரண்மனைப் பெரியவங்களுக்கும் வணக்கம்.

நைஜீரியாவுல உங்க வாரி டவுன்ல நாலு வருஷம் வேலை பார்த்த தமிழன் நான். ஊருக்குத் திரும்பி வந்தாச்சு, ஆனா ஒரு விஷயம் மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு, அதான் எழுதுறேன்.

அங்க ஆபீஸ்ல ஐடி கார்டுக்கு பேர் டைப் பண்றது என் வேலை. ஒருத்தர் ஒரிட்செவெயின்மின்னு எழுதிக் குடுத்தார், கட்டத்துல இடம் பத்தல, நானே வெயின்மின்னு வெட்டிட்டேன், அவரும் பரவால்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்கன்னுட்டார். ரொம்ப நாள் கழிச்சு ஒரு மதியம் உசினும் (மரவள்ளி ஸ்டார்ச்சுல கிண்டுற களி) பங்கா சூப்பும் (பனைப்பழச் சூப்) சாப்பிட்டுட்டு இருக்கும்போதுதான் அர்த்தம் கேட்டேன். கடவுள் எனக்குப் பின்னாடி நிக்கிறார்னு அர்த்தமாம். நான் வெட்டி எறிஞ்சது அந்தக் கடவுளை.

அதுக்கப்புறம் பாக்குற பேரையெல்லாம் கேக்க ஆரம்பிச்சேன். ஒரிட்செக்புபெமின்னா கடவுள் என் வேண்டுதலை ஏத்துக்கிட்டார், டோரிட்செஜுன்னா கடவுளோடதுதான் எல்லாத்துக்கும் மேல. ஒவ்வொண்ணும் பிள்ளை பிறந்த அன்னைக்கு அந்த வீட்டுல என்ன நடந்துச்சுன்னு சொல்ற ஒரு முழு வாக்கியம். உங்க ஜனங்க பேசுற இட்செகிரி மொழிக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் யொருபா மொழி, அங்க ஒரிஷான்னா பெரிய கடவுளுக்குக் கீழ இருக்கிற தெய்வங்க, அதே சொல் இட்செகிரியில ஒரிட்சென்னு ஆகி எல்லாத்துக்கும் மேல இருக்கிற ஒரே கடவுளைக் குறிக்குது. ஒரு ஜனம் தனியா ஒதுங்கி என்ன யோசிச்சுச்சுங்கிறதுக்கு அந்த ஒரு சொல்லே சாட்சி, அதைத்தான் நாம ஃபார்ம்ல இடமில்லன்னு தூக்கிடுறோம்.

வீட்டுல சுருக்கிக் கூப்பிடுறதை நான் தப்பு சொல்லல, அது பாசம். பேப்பர்லயும் சுருக்கு மட்டுமே நின்னா பேரன் காலத்துல முழுப் பேர் யாருக்குத் தெரியும்? எழுத்துல இருந்தாக்கூட மேல கீழ போற ராகம் போச்சுன்னா உங்க மொழியில அர்த்தமே மாறுதே, அதை எந்த ரிஜிஸ்டர் காப்பாத்தும்?

பேருக்காக உங்க ஜனங்க எப்படி நிப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். 2013ல உங்க அப்பா ஒகியாமேங்கிற பட்டத்தை விடுறேன்னு சொன்னப்ப ஊரே திரண்டு வந்து வேண்டாம்னு நின்னுச்சு, அவரும் கேட்டு முடிவை மாத்திக்கிட்டார். தண்ணீருக்கெல்லாம் அரசர்ங்கிற அந்தப் பேர் பெனின் அரசுல இருந்து உங்க முதல் அரசரான இளவரசர் கினுவா வந்த காலத்து ஞாபகத்தைச் சுமக்குது. உங்க பேரும் அப்படித்தான். 1600கள்ல போர்ச்சுகல் போய்ப் படிச்சு வந்த முதலாம் அட்டுவாட்சேவை அந்த நாட்டு ஏடு தோம் டொமிங்கோஸ்னு எழுதி வச்சுச்சு, உங்க ஊர் அட்டுவாட்சேன்னு சொல்லி வச்சுச்சு, அதனாலதான் 1987ல உங்க அப்பாவோடயும் 2021ல உங்களோடயும் அந்தப் பேர் திரும்ப சிம்மாசனம் ஏற முடிஞ்சுச்சு.

நான் கேக்குறது பெரிய செலவு இல்ல. ஓடே இட்செகிரியிலயும் கோகோலயும் ஆத்தோர கிராமங்கள்லயும் இருக்கிற பாட்டிங்ககிட்ட ஆள் அனுப்புங்க, ஒவ்வொரு பேரையும் அவங்க வாயால முழுசா சொல்லவச்சு, எதுக்கு வச்சாங்கன்னும் கேட்டு ரெக்கார்ட் பண்ணுங்க. ஸ்கூல்ல சேக்கும்போது முழுப் பேரைக் குடுங்கன்னு பெத்தவங்ககிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், கேப்பாங்க.

உங்களையும் எல்லாரும் ட்சோலான்னுதான் கூப்பிட்டாங்க, முழுப் பேர் உட்டியேயினொரிட்செட்சோலா, நடுவுல ஒரிட்செ இருக்கு. முதல் ரெக்கார்டிங்கா அதை உங்க குரல்லயே சொல்லுங்க ஐயா.