“எதை வைத்து வரையப் போகிறீர்கள்?” என்று ஏன் கேட்கிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கொஞ்ச நாளாக நம் கடைக்கு வந்து “ஒரு ஸ்கெட்ச் புக் குடுங்க” என்று கேட்பவர்களிடம், “எதை வைத்து வரையப் போகிறீர்கள்?” என்று திருப்பிக் கேட்கிறோம். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கிறது. “நோட்டு வாங்க வந்தா இன்டர்வியூ வைக்கிறீங்களே” என்று ஒரு பெரியவர் சிரித்தபடிதான் சொன்னார், ஆனால் பாதி கோபம் இருந்தது. காரணத்தைச் சொல்லிவிடலாம் என்று இந்த மடல்.

போன மே மாதம் ஓர் அம்மா தடிமனான ஒரு நோட்டைக் கொண்டுவந்து கல்லாவுக்கு முன்னால் வைத்தார். கவின் கலைக் கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகளுக்காக எங்களிடம் வாங்கியது. திறக்கப் பார்த்தேன், வரவில்லை. செங்கல் மாதிரி ஒரே கட்டியாக இருந்தது. அந்தப் பெண் பக்கம் பக்கமாக, இரண்டு பக்கமும் அக்ரிலிக்கில் தீட்டியிருக்கிறாள். நோட்டை மூடித் துணி அடுக்குக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். வீடு தகரக் கூரை. ஸ்டீல் ஸ்கேலை விட்டு மெல்ல நெம்பியதில் ஒரு பக்கம் பிரிந்தது, ஆனால் பாட்டியின் முகத்தில் பாதி எதிர்ப்பக்கத்து வாழைத்தோப்போடு போய்விட்டது. அக்ரிலிக் காய்ந்த பிறகும் ஒருவகைப் பிளாஸ்டிக்தான். சூட்டில் இளகும், அழுத்தினால் ஒன்றோடு ஒன்று ஒட்டும். அந்த நோட்டை “எல்லாத்துக்கும் ஆகும்மா” என்று சொல்லி விற்றது நான்தான். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், பாட்டியைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து அந்த வார்த்தையை விட்டுவிட்டோம். எல்லாவற்றுக்கும் ஆகும் நோட்டு என்று ஒன்று கிடையாது. அட்டையில் அப்படி அச்சடித்திருப்பார்கள், பென்சிலும் பேனாவும் லேசான ஈரமும் தாங்கும் என்றுதான் அதற்குப் பொருள்.

பலரும் கேட்பது ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் அது. பதினாறு ஏ4 தாளைப் பரப்பினால் ஒரு சதுர மீட்டர் வரும். அப்படியானால் 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள் ஒன்று 5 கிராம், 300 ஜிஎஸ்எம் தாள் ஒன்று 19 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. சரி, எடை கூடினால் தாள் நல்லது என்று அர்த்தமா? இல்லை. வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை இருந்தால் எடுத்துப் பாருங்கள், கெட்டியான அட்டையாக இருக்கும். அதில் வாட்டர் கலர் வைத்தால் திட்டுத் திட்டாக நிற்கும், பிரஷை இரண்டாம் முறை ஓட்டினால் நார் உரிந்து வரும். வாட்டர் கலர் தாளுக்குச் செய்யும்போதே பசை ஏற்றியிருப்பார்கள், நல்ல ரகத்தில் ஜெலட்டின். தண்ணீர் உடனே உள்ளே இறங்காமல் கொஞ்ச நேரம் மேலே நிற்பது அதனால்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நீங்கள் நிறத்தை நகர்த்துகிறீர்கள்.

மார்க்கரில் கணக்கு தலைகீழ். ஆல்கஹால் மார்க்கரின் மை, கார்ட்ரிட்ஜ் தாள் என்கிற கெட்டியான வரைதாள் 200 ஜிஎஸ்எம் இருந்தாலும் ஊடுருவி மறுபக்கம் போகும். மார்க்கர் பேடில் இருக்கும் 70 ஜிஎஸ்எம் தாளோ மெல்லியதுதான், ஆனால் ஊறாதபடி பூச்சு கொடுத்திருப்பதால் நிறம் மேலேயே நிற்கும். மெல்லிசாக இருக்கிறது, ஏமாற்றுகிறீர்கள் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

கரித்துண்டுக்குத் தாள் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கவேண்டும். வழவழ தாளில் கரி பிடிக்காது, வழுக்கும். பேனாவுக்கு அதற்கு நேர் எதிர்: சொரசொரத் தாளில் ஃபைன்லைனர் என்கிற மெல்லிய முனைப் பேனாவின் முனை சீக்கிரம் மழுங்கிவிடும். ஒரே நோட்டில் இரண்டையும் வைத்துக்கொண்டால் ஏதாவது ஒன்று வீணாகத்தான் போகும். கரிக்கு ஸ்பைரல் நோட்டும் வேண்டாம். பையில் போட்டு நடக்கும்போது பக்கங்கள் முன்னும் பின்னுமாக நகர்ந்து உரசும், மாலைக்குள் படம் புகைமூட்டமாகிவிடும். தைத்த நோட்டு, ஒரு பக்கம் மட்டும் படம், இடையில் பட்டர் பேப்பர், வெளியே ஒரு பைண்டர் கிளிப், இது போதும். ஆயில் பாஸ்டல் என்கிற எண்ணெய்ப் பசையுள்ள வண்ணக்குச்சி முழுவதும் காயவே காயாது, அதற்கும் பட்டர் பேப்பர் கட்டாயம்.

பழுப்பு, சாம்பல் தாள் நோட்டை யாரும் தானாகக் கேட்பதில்லை. எனக்குப் பிடித்தது அதுதான். தாராசுரம் கோயில் முன்மண்டபத்தில் தேர்ச்சக்கரமும் குதிரையும் செதுக்கியிருக்கிறார்களே, அதை வெள்ளைத் தாளில் வரைந்தால் கல்லின் நிறத்தைக் கொண்டுவரவே பாதி நேரம் பென்சிலைத் தேய்க்கவேண்டும். சாம்பல் தாளில் கல் ஏற்கெனவே இருக்கிறது. நிழலுக்குக் கரி, வெயில் படும் விளிம்புக்கு வெள்ளைப் பென்சில், அவ்வளவுதான். இங்கிலாந்து ஓவியர் டர்னர் 1819இல் இத்தாலி போனபோது இதைத்தான் செய்தார். சில நோட்டுகளின் பக்கங்களுக்கு முன்கூட்டியே சாம்பல் நிறம் பூசிக்கொண்டு, வெளிச்சம் வேண்டிய இடத்தில் அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்தார். அதே பயணத்தில் வழியில் சட்டென்று குறித்துக்கொள்ளப் பென்சிலுக்கென்று சின்ன நோட்டுகள் தனியாக வைத்திருந்தார். அவர் விட்டுப்போன ஸ்கெட்ச் புக்குகள் ஏறக்குறைய 300, லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கின்றன. வாடிக்கையாளர் என்றால் அவரைச் சொல்லவேண்டும்!

அப்புறம் கிறுக்கல் நோட்டு. இதைச் சொன்னால் எங்களுக்கு வியாபாரம் குறையும், இருந்தாலும் சொல்கிறேன். அதற்கு மலிவான தாள்தான் வேண்டும். பஸ் ஸ்டாண்டில் தூங்குகிறவர், டீ ஆற்றுகிறவரின் கை, ஒரு மாட்டின் பின்னங்கால் என்று ஒரு நாளில் இருபது வரையவேண்டிய நோட்டு அது. விலை உயர்ந்த பருத்தித் தாள் நோட்டை வாங்கிப் போனவர்களை விசாரித்தால் பெரும்பாலும் வரும் பதில், “முதல் பக்கத்தை இன்னும் தொடல சார்.” கெட்டுவிடுமோ என்ற பயம். அவர்களுக்கு அந்த நோட்டை விற்றதும் தப்புதான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கவேண்டியதில்லை. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்குக் கிறுக்க ஒன்று, கையில் இருக்கும் நிறத்துக்கு ஏற்ற தாளில் ஒன்று, இரண்டு போதும். நோட்டின் முதுகில் என்ன தாள், எதற்கு, எப்போது ஆரம்பித்தது என்று எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து எது எது என்று நினைவிருக்காது.

ஐப்பசி மழை வருகிறது, ஒரு விஷயம். ஈரக் காற்றில் தாளின் பசை கெட்டுப்போகும். பார்வைக்குத் தெரியாது, நிறம் வைத்தால் புள்ளி புள்ளியாக உறிஞ்சும். வாட்டர் கலர் நோட்டை ஜிப் கவரில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். எங்கள் குடோனிலேயே ஒரு கட்டு இப்படிப் போனது. அதைக் கிறுக்கல் தாளாக எடை போட்டு விற்கிறோம், தேவையென்றால் கேளுங்கள்.

இந்த மாதம் முதல் கடையில் இரண்டு மாற்றம். வாசலுக்கு உள்ளே ஒரு மேசை போட்டு, நாங்கள் விற்கும் ஒவ்வொரு தாளிலும் துண்டு வெட்டி வைத்திருக்கிறோம். உங்கள் பேனா, உங்கள் நிறம், உங்கள் பிரஷ் கொண்டுவந்து தீட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இரண்டாவது, பெரிய தாளாக வாங்கினால் நாங்களே மடித்துத் தைத்து ஏ5 நோட்டாக்கித் தருகிறோம். கூலி உண்டு, இரண்டு நாள் ஆகும். வெவ்வேறு தாளைக் கலந்து ஒரே நோட்டாகத் தைக்கச் சொன்னால் தைப்போம், ஆனால் மேலே எழுதியதை இன்னொரு முறை வாயால் சொல்லிவிட்டுத்தான்.

மேசையில் தண்ணீருக்கு நீல டம்ளர் வைத்திருக்கிறோம். பக்கத்தில் இருக்கும் கண்ணாடி கிளாஸ் என் டீ. தயவுசெய்து பார்த்து முக்குங்கள்.

அன்புடன்,
உங்கள் ஓவியப் பொருள் கடை,
கும்பகோணம்