நாற்காலி போட்டவர்களுக்கும் நேரம் பார்த்தவர்களுக்கும்

மூளைக்காயம் பட்டவர்களின் ஆதரவுக் குழுவுக்காக ஓசையில்லாமல் உழைக்கும் அனைவருக்கும் வணக்கம்.

முதல் நன்றி, நாற்காலி போட்டவர்களுக்கு. பத்தே நாற்காலி, வட்டமாக, நடுவில் எழுந்து போக வழி விட்டு. அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் யார் பேசுகிறார் என்று தேடுவதிலேயே பலர் களைத்துப்போவார்கள். மினுக்கும் டியூப்லைட்டை அணைத்தீர்கள். கடகடத்த ஃபேனை நிறுத்தினீர்கள். நம் காது தானாக ஒதுக்கிவிடும் அந்தச் சத்தம், இவர்களுக்கு எதிரே பேசுபவரின் குரலோடு சரிசமமாக வந்து மோதும். பக்கத்து அறையில் விளக்கில்லாமல் ஒரு சாய்வு நாற்காலி போட்டு வைத்தவருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

கூட்டத்தை 90 நிமிடத்தில் முடித்தவருக்கும் நன்றி. 40 நிமிடம் பேச்சு, 10 நிமிடம் ஓய்வு, மறுபடி 40. பேச்சு சூடுபிடிக்கும்போது நிறுத்தினால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் நீட்டினால் மறுநாள் முழுக்கப் படுக்கைதான்.

நினைவூட்ட அழைத்தவர்களே, முந்தின நாள் மாலை ஒன்று, அன்று காலை ஒன்று என இரண்டு அழைப்பு. வராதவரை ‘அக்கறை இல்லாதவர்’ என்று நீங்கள் முடிவு கட்டவில்லை. மூளையின் முன்பகுதியில் அடிபட்டால், நினைவிருந்தும் சிலருக்குக் கிளம்ப வராது. பார்ப்பவர்களுக்கு அது சோம்பலாகத் தெரியும். “வர்றீங்களா?” என்று கேட்காமல், “நாலு மணிக்குச் செருப்பை மாட்டிக்குங்க, நாலேகாலுக்கு வாசல்ல ஆள் வரும்” என்றீர்களே, அதுதான் சரியான அழைப்பு.

வட்டத்தில் அமைதி காத்தவர்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது! ‘சாவி’ என்ற சொல் சிக்காமல் ஒருவர், “கதவு... அந்த... திருப்புறது...” என்று கையைத் திருகிக் காட்டுகிறார். மனசுக்குள் பத்து எண்ணும் வரை யாரும் வாய் திறப்பதில்லை. முந்திக்கொண்டு எடுத்துக் கொடுத்தால் வரவிருந்த சொல்லும் ஓடிவிடும், அடுத்த முறை அவர் பேசவே தயங்குவார். அவர் கேட்டால் மட்டும் முதல் எழுத்தைச் சொல்லுங்கள், இல்லையென்றால் பேனாவும் தாளும் நீட்டுங்கள் என்று பழக்கிய பேச்சுப் பயிற்சியாளர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

பழைய உறுப்பினர்கள் புதியவரிடம் “எல்லாம் சரியாகிடும்” என்று ஒருநாளும் சொன்னதில்லை. “எனக்கும் மூணாவது மாசம் இப்படித்தான் இருந்துச்சு” என்றார்கள்; அதில் பிறக்கும் தெம்பு வேறு. உணர்வுநிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலில் யாருக்கு எத்தனை என்ற ஒப்பீட்டையும் அவர்களே தடுத்தார்கள். அந்த 3 முதல் 15 வரையிலான எண், அளக்கும் நேரத்து நிலையைத்தான் சொல்லும். முழு 15 வாங்கியவர் மாதங்கள் கழித்தும் வேலைக்குத் திரும்ப முடியாமல் திணறலாம்.

“வலிப்பு மாத்திரையை நானே நிறுத்திட்டேன், ஒண்ணும் ஆகலை” என்ற பேச்சு எழுந்தபோது அதே இடத்தில் மறித்த நடத்துநருக்கு நன்றி. அதைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு திரும்பக்கூடும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்; 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். இதை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறீர்கள்.

பராமரிப்பவர்களுக்குத் தனி வட்டம் கேட்டு வாங்கியவர்களையும் மறக்கவில்லை. காயம் பட்டவருக்குத் தன் குறை தனக்கே தெரியாமல் போவதும் காயத்தின் ஒரு பகுதிதான், அடம் அல்ல. அவரை எதிரில் வைத்துக்கொண்டு இதை எப்படிப் பேசுவது? அமெரிக்காவில் 1980-இல் தேசியத் தலைக்காய அமைப்பைத் தொடங்கிய மெரிலின் ஸ்பைவாக்கும் தலைக்காயம் பட்ட மகளின் தாய்தான்.

கடைசியாக, குறிப்பு எழுதுபவருக்கு. ஒரே தாள், பெரிய எழுத்து, மூன்றே வரி. மூன்றாவது வரியில் அடுத்த கூட்டத்தின் தேதி, கிழமையோடு. பல வீடுகளில் அது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

அன்புடன்,
குழு ஒருங்கிணைப்பாளர்கள்