பாலத்துக்கு மேலயா கீழயா, அத மட்டும் சொல்லுங்க போதும்

எனக்கு வண்டி வித்த பைக் கம்பெனிக்காரங்களுக்கு,

வணக்கமுங்க. கஸ்டமர் கேருக்கு நான் நாலு தடவ போன் பண்ணதும், நாலு தடவயும் "ப்ளூடூத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்"னு சொன்னதும் உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கும், அதனால முதல்ல இருந்து ஆரம்பிக்கல. ப்ளூடூத் நல்லாத்தான் இருக்குதுங்க. மீட்டர் ஓரத்துல வழி காட்டறதுக்குன்னு நீங்க வச்ச அந்தச் சின்ன டயல்ல அம்புக்குறியும் வருது. அந்த அம்புக்குறிதான் பிரச்சனையே.

நான் லிஃப்ட் சர்வீஸ் மெக்கானிக். கோயம்புத்தூர். ஒரு நாளைக்கு ஆறு ஏழு சைட்டு, பாதி சைட்டு முன்ன பின்ன பாக்காத அபார்ட்மெண்ட். போன மாசம் ஒரு வியாழக்கிழம மத்தியானம் பீளமேட்டுல இருந்து கால் வந்துச்சு, கரண்ட் போயி லிஃப்ட் மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நின்னுருச்சு, உள்ள ஒரு வயசான அம்மா மட்டும் தனியா. ஏ.ஆர்.டி.ன்னு கரண்ட் போனா லிஃப்ட்ட மாடிக்குக் கொண்டு வர்ற கருவி ஒன்னு இருக்கும், அதோட பேட்டரி செத்துக் கெடந்திருக்கு, இல்லாட்டி கரண்ட் போனாலும் அதுவா பக்கத்து மாடிக்கு வந்து கதவத் தொறந்திருக்கும். நான் உப்பிலிபாளையம் பக்கம் இருந்தேன். பன்னெண்டு நிமிசத்துல போயிருக்கணும். முப்பத்தோரு நிமிசம் ஆச்சு.

கோயம்புத்தூர்காரனுக்கு அவிநாசி ரோட்டுக்கு மேப் எதுக்குடான்னு கேப்பீங்க. ரோடு தெரியும்ங்க. ஆனா அபார்ட்மெண்ட் புதுசு, சிக்னல எடுத்துட்டு அங்கங்க யூ-டர்ன் வச்சிருக்காங்க, எதுல திரும்பினா எந்த சந்து வரும்னு மாசத்துக்கு ஒரு தடவ புதுசா படிக்க வேண்டியிருக்கு. அதுக்கு மேல 2025 அக்டோபர் 9ந் தேதி பாலத்தயும் தொறந்துட்டாங்க. உப்பிலிபாளையத்துல இருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் பத்து கிலோமீட்டர், தமிழ்நாட்டுலயே நீளமான மேம்பாலம். நல்ல பாலம், குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா தெரியாம ஏறிட்டீங்கன்னா நெனச்ச எடத்துல இறங்க முடியாது.

பாலம் ஆரம்பிக்கற எடத்துல உங்க மீட்டரு ஓரத்துல என்ன காட்டுச்சு தெரியுங்களா? நேரா ஒரு அம்புக்குறி. அவ்வளவுதான். பாலமும் நேராத்தான் போகுது, கீழ் ரோடும் நேராத்தான் போகுது, ரெண்டுல எதுன்னு நான் யார கேக்கறது, பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிக்கறான், ஏறிட்டேன்.

மேல போயிட்டு இருக்கறப்ப அம்புக்குறி இடது பக்கம் வளஞ்சுது. ஐம்பது மீட்டர்ல இடது. அந்தப் பக்கம் இருக்கறது கைப்பிடிச் சுவருங்க. உங்க டயலு நான் கீழ் ரோட்டுலயே போயிட்டு இருக்கறதா நெனச்சுட்டு இருக்கு. எட்டிப் பாத்தா அந்த அபார்ட்மெண்ட்டே தெரியுது, மொட்டமாடித் தண்ணி டேங்க்குல பேரு கூட எழுதியிருக்கு, அங்கதான் ஒரு அம்மா உக்காந்திருக்காங்க, நான் அவங்களத் தாண்டி பறந்துட்டு இருக்கேன். செக்யூரிட்டி அண்ணன் போன் மேல போன் அடிக்கறாரு. எடுத்து என்ன சொல்றது, மேல இருந்து பாத்துட்டுத்தான் இருக்கேன்ணானு சொல்றதா?

இறங்கற வழி தேடி இறங்கி, யூ-டர்ன் போட்டு, வந்த தூரத்துல பாதி திரும்பி வந்து, மெஷின் ரூம் ஏறி மெயின ஆஃப் பண்ணி, பிரேக்க ரிலீஸ் பண்ணி கையால வீலச் சுத்தி கேபின மூணாவது மாடிக்குக் கொண்டாந்து, ட்ரையாங்கிள் கீ போட்டுக் கதவத் தொறந்தா, அந்தம்மா தரையில உக்காந்திருக்காங்க. மடியில பால் பாக்கெட்டு ரெண்டு. சேலையெல்லாம் வேர்வையில நனஞ்சிருந்துச்சு. என்னப் பாத்து "வழி தெரியலயா கண்ணு"னு கேட்டாங்க. திட்டல. திட்டியிருந்தா பரவால்லைங்க.

கீழ வந்து பாக்கெட்டுல இருந்த போன எடுத்துப் பாத்தேன். அங்கதான் எனக்கு நெஜமாவே கோவம் வந்துச்சு. போன்ல இருந்த ஆப்புக்கு எல்லாம் தெரியும். கூகுள் மேப்ஸ்ல 2024 ஜூலையிலயே இந்தியாவுல 40 ஊருக்கு பாலம் ஏறணுமா வேண்டாமான்னு முன்கூட்டியே காட்டற வசதிய கொண்டாந்துட்டாங்க. காருக்கு மட்டுமில்ல, டூ வீலருக்கும் சேத்து. ஆனா உங்க டயலு என் போன்ல இருந்து உங்க சொந்த ஆப்பு வழியாத்தான் எடுத்துக் காட்டுது, அதுல அம்புக்குறியும் மீட்டர் கணக்கும் தவிர வேற எதுவும் வெளிய வராது. பாலங்கற ஒரு வார்த்தைய மட்டும் வடிகட்டி எடுத்துட்டு மிச்சத்த என் கண்ணுக்குக் காட்டறீங்க.

நானும் கொஞ்சம் படிச்சுப் பாத்தேங்க. ஜிபிஎஸ் சாட்டிலைட்டு இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல சுத்துது, எல்லாமே நம்ம தலைக்கு மேலதான், அதனால இடம் சொல்றத விட உயரம் சொல்றதுல தப்பு ஜாஸ்தி வரும். பாலமும் கீழ் ரோடும் மேப்புல ஒன்னு மேல ஒன்னு. பாலத்துக்கு அடியில போனா வானமே பாதிதான் தெரியும், கான்க்ரீட்டுல பட்டு சிக்னல் எகிறி வரும். புரியுது. ஏறுனதுக்கு அப்பறம் கண்டுபுடிக்கறது கஷ்டம், அத நான் கேக்கல. ஏறறதுக்கு முன்னாடி சொல்லுங்கன்னுதான் கேக்கறேன், அதுக்கு சாட்டிலைட்டு வேண்டாம், ஒரு சின்னப் படம் போதும். எங்க லிஃப்ட்டுல பத்து மாடி இருந்தாலும் இப்ப எத்தனாவது மாடில இருக்கோம்னு செவப்பு லைட்டுல காட்டறோம். உங்களுக்கு மொத்தமே ரெண்டு மாடிங்க. மேல, கீழ.

போன ஹேண்டில்பார்ல மாட்டிக்க வேண்டியதுதானேன்னு உங்க ஷோரூம் தம்பி கேட்டாப்ல. மாட்டித்தான் இருந்தேன், இதுக்கு முந்தின வண்டில. ஒரு வருசத்துல கேமரா போச்சு. லென்ஸ் ஆடாம புடிக்கறதுக்கு உள்ள ஒரு பொடி மெக்கானிசம் இருக்குதாம், எஞ்சின் அதுர அதுர அது கெட்டுப் போகும்னு ஆப்பிள் கம்பெனியே 2021 செப்டம்பர்ல எச்சரிக்க போட்டாங்க. என்னுது ஆப்பிள் இல்ல, அதுருறதுக்கு பிராண்டு தெரியுமா என்ன. கன்ட்ரோலர் போர்டு போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்புனா ஏதோ தண்ணிக்குள்ள இருந்து எடுத்த மாதிரி வருது. வெயில்ல மாட்டுனா சூடாகி ஸ்க்ரீன் மங்கிப் போகுது, மழையில கவர் போட்டா விரல் வேல செய்யாது, தண்ணி சொட்டு அதுவா தொட்டு ரூட்ட மாத்திருது. பைக்குக்குன்னே வர்ற தனி ஜிபிஎஸ் கருவி இருக்கு, வெயில்லயும் தெரியும், கிளவுஸ் போட்டும் தொடலாம், விலையக் கேட்டுட்டு மரியாதையா வந்துட்டேன், அது லடாக் போறவங்களுக்கு, எனக்கில்ல.

அதனாலதான் உங்க வண்டிய வாங்கினேன். ரெண்டு மாடல் இருந்துச்சு, டயலு இல்லாதது கம்மி விலை. வீட்டுக்காரம்மா அத எடுங்கன்னாங்க. நான் நேவிகேஷன் இருக்கறதுதான் வேணும்னு சண்ட போட்டு எடுத்தேன். இப்ப வீட்டுல எது தொலஞ்சாலும் "உங்க அம்புக்குறியக் கேளுங்க"ங்கறாங்க.

இதுல இன்னொன்னு. 2020 அக்டோபர்ல இருந்து வழி பாக்கறதுக்கு மட்டும் போன யூஸ் பண்ணலாம், கவனம் சிதறாம இருந்தா சரின்னு மோட்டார் வாகன விதியிலயே சேத்துட்டாங்க. அத ட்ராபிக் போலீஸ்கிட்ட ரோட்டுல நின்னு விளக்கிப் பாத்திருக்கீங்களா? நான் பாத்திருக்கேன். அப்பறம் பாலம் ஏறற எடத்துல போர்டு இருக்கும் பாத்துப் போலாமேன்னா, போர்டு பெருசாத்தான் இருக்கு, அதுக்கு முன்னாடி காதுகுத்து பிளெக்ஸ் அதவிட பெருசா இருக்கு. அது உங்க தப்பு இல்லைங்க, கோவத்துல எங்கயோ போயிட்டேன்.

அந்தப் பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பேரு வச்சிருக்காங்க. ஹோட்டல்ல சர்வரா வேல பாத்து காசு சேத்து ஒரு ரட்ஜ் பைக்க வாங்கி, அத முழுசா கழட்டி திரும்ப மாட்டிப் பாத்த மனுசன். அவரு கையில உங்க டயலு கெடச்சிருந்தா இந்நேரம் அது துண்டு துண்டா மேசை மேல கெடந்திருக்கும். எனக்கு வாரண்டி போயிரும்னு பயம், அதனால மடல் எழுதறேன்.

கேக்கறது ஒன்னே ஒன்னுதானுங்க. பாலம் வர்றதுக்கு முன்னாடி, ஏறணுமா ஏறக்கூடாதான்னு அந்த டயல்ல காட்டுங்க. கலர் வேண்டாம், மேப் வேண்டாம், மிஸ்டு கால் யாருன்னு காட்டற வசதி சுத்தமா வேண்டாம். மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு, போக வேண்டியது தடிமனா. பக்கத்துல எடமிருந்தா தமிழ்ல "பாலம் ஏறாதே"ன்னு ரெண்டே வார்த்த. மரியாதையா "ஏறாதீங்க"ன்னு போட்டாலும் சந்தோசம். வானிலை காட்டறதுக்கு போன வருசம் அப்டேட் குடுத்தீங்கல்ல, மேல பாத்தாலே தெரியற விசயத்துக்கு, அதே மாதிரி இதுக்கும் ஒன்னு குடுங்க.

வர்ற 18ந் தேதி என் வண்டிக்கு மூணாவது ஃப்ரீ சர்வீஸ். உங்க சர்வீஸ் சென்டரும் அவிநாசி ரோட்டுலதான் இருக்கு. காலைல ஒம்பது மணிக்கு கொண்டு வந்து விடறேன், தயவு செஞ்சு அதுக்குள்ள பாத்து வைங்க. டயல நம்பாம கீழ் ரோட்டுலயே வந்துடறேன்.

இப்படிக்கு,
உங்க வண்டி ஓட்டற ஒரு லிஃப்ட் மெக்கானிக்