மயால் கிரீக் வழக்கு சொல்வது வேறு

ஆசிரியருக்கு,

பழங்குடியினரைக் கொன்ற 1838 மயால் கிரீக் படுகொலைக்காக ஏழு பேர் தூக்கிலிடப்பட்டதைக் காட்டி, ஆஸ்திரேலியாவில் பிரிட்டிஷ் சட்டம் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது என்கிறது தங்கள் கட்டுரை. வழக்கு நடந்த விதத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

ஜூன் 10 அன்று, நியூ சவுத் வேல்ஸில் ஹென்றி டாங்கரின் மாட்டுப் பண்ணையில் தங்கியிருந்த விர்ரயராய் பழங்குடி மக்கள் சுமார் 28 பேரைக் குதிரையில் வந்த கும்பல் கயிற்றில் பிணைத்து ஓட்டிச்சென்று வெட்டிக் கொன்றது. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். இரண்டு நாளில் திரும்பி வந்து உடல்களை எரித்தார்கள். எரித்தது நன்றாகவே பலன் தந்தது. நவம்பர் 15 அன்று, 'டாடி' எனப்பட்ட முதியவரைக் கொன்றதாகப் பதினொரு பேர் விசாரிக்கப்பட்டார்கள்; கரிந்துபோன உடல் அவருடையதுதான் என்று நிரூபிக்க முடியவில்லை. ஜூரி கால் மணி நேரத்தில் எல்லாரையும் விடுவித்தது.

அட்டர்னி ஜெனரல் பிளங்கெட் விடவில்லை. ஏழு பேரைத் தனியாகப் பிரித்து, ஒரு குழந்தையின் கொலைக்காக மறுபடி கூண்டில் ஏற்றினார். டிசம்பர் 18 அன்று தூக்கு. பண்ணை மேற்பார்வையாளர் ஹாப்ஸ் துணிந்து புகார் செய்ததும், ஆண்டர்சன் என்ற தண்டனைக் கைதி சாட்சி சொன்னதும் இல்லாவிட்டால் வழக்கே இல்லை. ஹாப்ஸுக்கு வேலை போனது. தலைமை தாங்கிய ஜான் பிளெமிங், கும்பலில் தண்டனைக் கைதியாக இருந்திராத ஒரே ஆள், கடைசிவரை பிடிபடவில்லை. கொலையைப் பார்த்த பழங்குடி இளைஞர் ஒருவர் இருந்தார்; கிறிஸ்தவ முறையில் சத்தியம் செய்ய இயலாதவர் என்பதால் அவர் சாட்சி செல்லாது. அதனால் மீதி நால்வர் 1839இல் வெளியே வந்தார்கள். நியூ சவுத் வேல்ஸ் சத்தியம் பற்றிய அந்த விதியை மாற்ற 1876 வரை ஆனது.

தூக்கிலிருந்து மேய்ச்சல்காரர்கள் கற்றது, சாட்சி வைக்கக் கூடாது என்பதே. ஆட்டுச் சொறிக்கான ஆர்சனிக் பண்ணைகளில் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. 1842இல், இன்றைய குயின்ஸ்லாந்தில் உள்ள கில்காயில், விஷம் கலந்த மாவுக்குப் பழங்குடியினர் பலர் பலியானார்கள், யாரும் தண்டிக்கப்படவில்லை.

90 ஆண்டு கழித்தும் கதை மாறவில்லை. 1928, வட பிரதேசத்தின் கானிஸ்டன்: கான்ஸ்டபிள் மர்ரேயின் படை பழங்குடியினர் 31 பேரைக் கொன்றதாக ஒப்புக்கொண்ட அரசு விசாரணைக் குழு, அத்தனையும் நியாயமே என்றது. குழுவின் மூவரில் ஒருவர் மர்ரேயின் மேலதிகாரி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்