வரைபடத்தில் இரண்டு விரல், தரையில் 1,800 கிலோமீட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த தென்னாப்பிரிக்கப் பயணக் கட்டுரையைப் படித்தேன். கேப் டவுனில் வாடகைக் கார் எடுத்து, கடலோரமாகப் போகும் கார்டன் ரூட் என்கிற ரோட்டைப் பார்த்துவிட்டு, அப்படியே க்ரூகர் காட்டுக்குப் போய்ச் சிங்கமும் பார்த்து, 7 நாளில் ஊர் திரும்பிவிடலாம் என்று எழுதியிருந்தது. நான் 32 வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். போன அக்டோபரில் மகன், மருமகளோடு நானும் மனைவியும் அந்தக் கடலோர ரோட்டில் போய் வந்தோம். கட்டுரையை எழுதியவர் அங்கே ஸ்டியரிங் பிடித்தவர் இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

கேப் டவுன் நாட்டின் தென்மேற்கு மூலை. க்ரூகர் வடகிழக்கு மூலை. இடையே சுமார் 1,800 கிலோமீட்டர். இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டினாலும் முழுசாக இரண்டு நாள் போய்விடும், அதுவும் கடலே கண்ணில் படாத வழி. க்ரூகர்தான் வேண்டும் என்றால் விமானத்தில் போக வேண்டும், அதற்கென்று தனியாக நாலைந்து நாள் வைக்க வேண்டும், மலேரியா மாத்திரை பற்றி டாக்டரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே காரில் கடலும் காடும் பார்க்க நினைப்பவர்கள் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். கடலோர ரோடு முடிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஆடோ யானைகள் தேசியப் பூங்கா இருக்கிறது. மலேரியா பயமும் அங்கே இல்லை. கட்டுரையில் அதன் பெயர்கூட இல்லை.

நாங்கள் போனது என்-2 நெடுஞ்சாலை. கேப் டவுனிலிருந்து போர்ட் எலிசபெத் வரை சுமார் 750 கிலோமீட்டர். 2021-ல் அந்த ஊரின் பெயரைக் கெபெர்ஹா என்று மாற்றிவிட்டார்கள். சரியாகச் சொல்ல நாக்கைச் சொடுக்க வேண்டுமாம், எனக்கு வரவில்லை. ஒரே நாளில் ஓட்டிவிடக்கூடிய தூரம்தான். நாங்கள் வழியில் ஆறு ராத்திரி தங்கினோம், அதுவே போதவில்லை. ஹெர்மானஸில் கரைப் பாறைமேல் நின்றபடியே திமிங்கிலம் பார்த்தோம். ஜூனிலிருந்து நவம்பர் வரை அவை அங்கே வரும். அது மூச்சு விடும் சத்தம் அசல் ஏர் பிரேக் சத்தம். மனைவி ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. அப்புறம் மோசல் பே, நைஸ்னா, ஸ்டார்ம்ஸ் ரிவர். ப்ளூக்ரான்ஸ் பாலத்தில், 216 மீட்டர் உயரத்திலிருந்து, மருமகள் காலில் கயிறு கட்டிக்கொண்டு குதித்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ரோட்டைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. அங்கேயும் நம்மைப் போல இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு. பின்னால் வேகமாக ஒருவர் வந்தால், முன்னால் போகும் லாரிக்காரர் மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓரம் ஒதுங்கி வழிவிடுகிறார். முந்தியவர் இரண்டு பக்க இண்டிகேட்டரையும் சேர்த்து இரண்டு தடவை மின்னவிட்டு நன்றி சொல்கிறார். லாரிக்காரர் ஹெட்லைட்டை ஒரு தடவை அடித்து, பரவாயில்லை என்கிறார். ஹாரன் கிடையாது. முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு, முந்தும்போதெல்லாம் மறக்காமல் நன்றி போடச் சொல்லி மகனை நச்சரித்துக்கொண்டே வந்தேன். ஆனால் இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். ஆட்களும் மாடுகளும் ரோட்டின் குறுக்கே வருவது தெரியாது. வாடகைக் காரின் இன்ஷூரன்ஸில் டயரும் கண்ணாடியும் சேர்த்தியா என்று முதலிலேயே கேளுங்கள். எங்களிடம் ‘எல்லாம் அடக்கம்’ என்றுதான் சொன்னார்கள். சரளைக்கல் தெறித்துக் கண்ணாடியில் மிளகளவு ஒரு பொட்டு விழுந்தது, காரைத் திருப்பி விட்டபோது அதற்குத் தனியாகக் கறந்துவிட்டார்கள்.

போர்ட் எலிசபெத்திலிருந்து ஆடோ சுமார் 70 கிலோமீட்டர். வழியெல்லாம் ஆரஞ்சுத் தோட்டம். மனைவி ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டார். கேட்டில் போய்ப் பார்த்தால், ஆரஞ்சு, எலுமிச்சை வகை எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்கிறார்கள். காரணம் பழைய கதை. விவசாயிகளுக்குத் தொல்லை என்று 1919-20-ல் ஒரு வேட்டைக்காரரை அமர்த்தி நூற்றுக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். 1931-ல் பூங்கா அமைத்தபோது மிஞ்சியது 11. அவை தோட்டங்களுக்குப் போகாமல் இருக்க ஆரஞ்சுப் பழத்தைக் கொண்டுவந்து கொட்டினார்கள். பழத்துக்காக அவை ஒன்றையொன்று முட்டிக்கொண்டன, கார் வந்தாலே பழம் வருகிறது என்று நினைக்கவும் ஆரம்பித்தன. 1954-ல் டிராம் தண்டவாளத்தையும் லிஃப்ட் கம்பி வடத்தையும் வைத்து வேலி போட்டு முடித்த பிறகுதான் விவசாயிகளுக்கு நிம்மதி. இன்று 600-க்கும் மேல் இருக்கின்றன. நாங்கள் நாலு பேரும் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஒரு பை ஆரஞ்சையும் தின்று தீர்த்தோம்.

உள்ளே சொந்தக் காரிலேயே போகலாம், இறங்கத்தான் கூடாது. 40 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது. யானைக்காகத்தான் என்று நினைத்தேன். சாணி உருட்டும் வண்டுக்கு வழிவிடுங்கள் என்று போர்டே வைத்திருக்கிறார்கள். பறக்க முடியாத வண்டு அது. நடுரோட்டில் ஒன்று, தன்னைவிடப் பெரிய உருண்டையைப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு, தலைகீழாகப் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. உருண்டை சரளையில் மாட்டும், வண்டு சுற்றிவந்து பார்க்கும், மறுபடி தள்ளும். எங்களுக்குப் பின்னால் ஐந்து கார். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. அது ரோட்டைக் கடப்பதற்குள் புதரிலிருந்து ஒரு யானைக் கூட்டமும் இறங்கிவந்து, எங்கள் பானெட்டை ஒட்டி நடந்துபோனது. என் வலது கால் இல்லாத பிரேக்கை அழுத்தியபடியே இருந்தது.

இரண்டு நாளில் சிங்கம் கண்ணில் படவில்லை. அது எங்கள் துரதிர்ஷ்டம், பூங்காவில் சிங்கம் இருக்கத்தான் செய்கிறது.

கட்டுரையோடு வந்த வரைபடத்தில் நைஸ்னாவுக்கும் க்ரூகருக்கும் நடுவே என் விரல் இரண்டுதான் இருந்தது. அடுத்த முறை வரைபடம் போடும்போது ஓரத்தில் ஓர் அளவுகோலும் போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், உங்கள் வாசகர்