மனிதக் காலடி படாத காடா இது?

மேலகிரி அடிவாரத்தில் வெளிப்புறக் கல்வி மையம் நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் அரசு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உங்கள் முகாமுக்கு அழைத்து வந்திருந்தேன். கூடாரம், கயிற்றேணி, பறவை பார்ப்பது எல்லாமே நன்றாக நடந்தன. பயிற்றுநர்களின் பொறுமைக்கு நன்றி.

ஆனால் காட்டு நடையின்போது உங்கள் பயிற்றுநர், "இது மனிதக் காலடி படாத காடு" என்றார். உடனே எங்கள் இருளர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி கையைத் தூக்கி, "சார், எங்க தாத்தாவோட பழைய ஊரு இங்கதான் இருந்துச்சு" என்றாள். "அதெல்லாம் அப்புறம் பேசலாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வகுப்பில் வாய் ஓயாத பிள்ளை, வேன் ஏறும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று சாயங்காலம், தீ மூட்டும் இடத்தில் உட்காருவதற்குப் போட்டிருந்த பலகைக்கல்லைப் பார்த்தேன். அதன் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு வெட்டு; உளி பட்ட தடம் விரலுக்குத் தட்டுப்படுகிறது. பலகைக்கற்களை நிறுத்திக் கட்டிய பழங்கால ஈமச்சின்னமான கல்திட்டையின் இடுதுளையில், அதாவது பக்கக் கல்லில் குடைந்த வட்டத் துளையில், பாதி அது என்றே நினைக்கிறேன். செத்தவர்களுக்காக நிறுத்திய கல்லின் மேல் பிள்ளைகள் தட்டை வைத்துச் சாப்பிட்டார்கள்.

சூளகிரி பக்கம் மல்லசந்திரம் குன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்திட்டைகள் இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். அதியமான் ஆண்ட தகடூர் நாடு இது. மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நடுகல் வைத்துக் கும்பிட்ட மண். இங்கேயா மனிதக் காலடி படவில்லை?

காவிரி வடக்கு 2014-இலும் காவிரி தெற்கு 2022-இலும் சரணாலயமானபோது மனதார வரவேற்றவன் நான். யானைக்கு வழி வேண்டும், நரை அணிலுக்கு மரம் வேண்டும். ஆற்றங்கரை நீர்மருதில் வாழும் அந்த அணிலைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறீர்கள். அதே காட்டில் தேன் எடுத்து, கிழங்கு தோண்டிப் பிழைத்தவர்களைப் பற்றி ஐந்து நிமிடம் பேசக் கூடாதா?

எங்கள் மாவட்டத்துக்கே இதுதான் கதி. பாறை ஓவியத்தின் மேல் பெயின்டில் பெயர் எழுதுகிறார்கள். குவாரிக்கு வெடி வைத்த குன்றின் மேல் என்ன இருந்தது என்று கேட்க நாதியில்லை. வெளியூர்க்காரர்கள் நிலத்தை வாங்கிப் பண்ணை வீடு கட்டுகிறார்கள். நிலத்தை விற்றவன் அதன் வாசலில் காவல் நிற்கிறான். மன்னிக்க வேண்டும், இதெல்லாம் உங்களிடம் சொல்ல வேண்டியதல்ல.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். காட்டைச் சொல்லும்போது அங்கே வாழ்ந்தவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதை ஊர்க்காரர்கள் வாயால் சொல்ல வையுங்கள், உரிய சம்பளம் கொடுத்து. அந்தப் பிள்ளையின் தாத்தாவிடம் பேசினேன், வரச் சம்மதிக்கிறார். எந்த ஓடை எந்த மாதம் வற்றும் என்பதுகூட அவருக்கு அத்துப்படி. கூடவே, அந்தப் பலகைக்கல்லில் இனி யாரையும் உட்கார விடாதீர்கள். அதை நீங்களாக நகர்த்தவும் வேண்டாம். தொல்லியல் துறைக்கு எழுதி, அவர்கள் வந்து பார்க்கட்டும்.

அடுத்த பருவத்தில் ஏழாம் வகுப்பை அழைத்து வர எண்ணியிருக்கிறேன். அதற்குள் உங்கள் பதிலைத் தயவுசெய்து எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர்,
தேன்கனிக்கோட்டை வட்டம்